மரப் படச்சட்டம்

மரப் படச்சட்டம் என்பது ஒளிப்படம், ஓவியம் போன்றவற்றைத் தாங்குவதற்கும் பாதுகாப்பதற்கும் அவற்றைச் சுற்றி மரத்தால் அமைக்கப்படும் சட்டம் ஆகும். கதவு, சன்னல், அலமாரி ஆகியவற்றைச் செய்தபின் எஞ்சும் துண்டு மரங்களைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்யலாம். இதற்கு நான்கு குறுகிய துண்டுகளே போதும். சட்டத்தின் உறுதி பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளையே சார்ந்துள்ளது.

மரத் தெரிவு

நன்கு உலர்ந்த, வளைவற்ற துண்டுகளே ஏற்றவை. தேக்கு குறைவாகவே சுருங்கி விரிவதால் சிறந்தது. மரம் உலரும்போது நீளவாக்கில் மிகச் சிறிதளவும், அகலவாக்கில் அதைவிடப் பன்மடங்கும் சுருங்குகிறது. எனவே ஈரமரத்தில் 45 பாகையாக வெட்டிய முனையின் கோணம் பின்னர் மாறி, மூலையின் உட்புறத்தில் இடைவெளி தோன்றும். துண்டுகளைச் சில வாரங்கள் வீட்டினுள் வைத்திருந்தபின் பயன்படுத்துவது இதைக் குறைக்கும்.

பன்னாட்டுச் சரக்குகளுடன் வரும் பேலட் மரத்தையும் பயன்படுத்தலாம். 2002 இல் ஏற்கப்பட்ட ஐ.எஸ்.பி.எம். 15 சீர்தரத்தின்படி இம்மரத்தில் முத்திரை இடப்படுகிறது. அதில் 'எச்.டி.' என்பது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டதையும், 'எம்.பி.' என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வளிமத்தால் பதப்படுத்தப்பட்டதையும் குறிக்கும். பின்னதைத் தவிர்த்தல் நன்று.

காடியும் அளவும்

கண்ணாடியும் படமும் அமர்வதற்காகச் சட்டத்தின் பின்பக்க உள்விளிம்பில் வெட்டப்படும் படி, காடி எனப்படும். காடி வெட்டும் கருவி இல்லாதோர், அகலமான துண்டின் மேல் குறுகிய துண்டை வெளிவிளிம்புகள் பொருந்துமாறு ஒட்டியும் இதனை உருவாக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 200 × 250 மி.மீ. கண்ணாடிக்கு 3 மி.மீ. தளர்வு விட்டு, 203 × 253 மி.மீ. இடம் தேவை. மரத்தின் அகலம் 40 மி.மீ., காடியின் அகலம் 6 மி.மீ. எனில், ஒவ்வொரு பக்கமும் 34 மி.மீ. மரம் காடிக்கு வெளியே நிற்கும். எனவே துண்டுகளின் வெளிவிளிம்பு நீளங்கள் 271 மி.மீ., 321 மி.மீ. ஆகும். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு துண்டுகள் வேண்டும்.

வெட்டுதல்

நான்கு மூலைகளுக்கு எட்டுச் சாய்வெட்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் அரைப் பாகைப் பிழை ஒரே திசையில் நேர்ந்தால், மொத்தம் 4 பாகை ஆகிவிடும். மூன்று மூலைகள் பொருந்தினாலும் நான்காவது மூலை பிளந்து நிற்கும். ஆகவே 45 பாகையில் வாள்தடம் வெட்டப்பட்ட பெட்டியினுள் மரத்தை வைத்து அறுக்க வேண்டும். எதிரெதிர்த் துண்டுகளின் நீளமும் சமமாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் கோணம் சரியாக இருந்தாலும் மூலைகள் பொருந்தா.

ஒட்டுதல்

சாய்வெட்டு முகத்தில் மரத்தின் நுண்குழாய்கள் திறந்திருப்பதால் அது பசையை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் மெல்லிய பூச்சு இட்டு, சில நிமிடங்களுக்குப்பின் மீண்டும் பசை தடவி இணைக்க வேண்டும். பின்னர் சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதனுள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நான்கு மூலைகளும் ஒருசேர இறுகும். அப்போது இரு மூலைவிட்டங்களும் சமமாக உள்ளனவா என அளக்க வேண்டும். மேற்கூறிய சட்டத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 420 மி.மீ. இருக்கும். ஒரு நாள் உலர்ந்தபின், மூலைகளின் குறுக்கே வாளால் தடமிட்டு மெல்லிய மரத்தகட்டைச் செருகி ஒட்டினால் இணைப்பு வலுப்பெறும்.

படம் பொருத்துதல்

படம் கண்ணாடியை நேரடியாகத் தொட்டால், ஈரப்பதம் மிகுந்த காலத்தில் அதனுடன் ஒட்டிக்கொள்ளக்கூடும். பிரிக்கும்போது படம் கிழியும். எனவே இரண்டிற்கும் இடையில், நடுவில் வெட்டப்பட்ட தடித்த அட்டை வைக்கப்படுகிறது. படிநகல் இல்லாத பழைய ஒளிப்படங்களுக்கு இது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

தச்சுக்கலை
தேக்கு
ஒளிப்படம்