கைமாறும் வண்டிகள் – 7
நின்றபடியே தேய்ந்த கார்

சென்ற வாரம் வாடகை நிறுவனங்கள் கழித்துவிடும் கார்களைப் பார்த்தோம். இந்த வாரம், அமெரிக்கப் போலீஸ் துறைகள் ஏலத்தில் விடும் கார்கள். அவற்றில் பேர்போனது ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். 4.6 லிட்டர் வி8 என்ஜின், தனி சேஸிஸ் மேல் ஏற்றிய பாடி, பின்சக்கர இழுவை. கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011-ல் இதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் பழைய கார் சந்தையில் அதற்கு இன்னும் மவுசு உண்டு. காரணம் எளிது: வலுவான சஸ்பென்ஷன், ஆயில் கூலர், குறித்த காலத்தில் தவறாமல் ஆயில் மாற்றிய பராமரிப்பு. இத்தனையும் மலிவு விலைக்குக் கிடைக்கிறது.

ஆனால், இந்தக் காரை ஓடோமீட்டரை மட்டும் பார்த்து எடைபோடவே கூடாது. ரோந்துக் கார் ஓடுவதைவிட நிற்பது அதிகம். வயர்லெஸ், கம்ப்யூட்டர், சுழல் விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேய்மானம் மைல் கணக்கில் ஏறாது. ஒரு மணி நேரம் ஐடிலில் நின்றால் 33 மைல் ஓடியதற்குச் சமம் என்று ஃபோர்டே கணக்குச் சொல்கிறது.

பிந்தைய மாடல்களில் என்ஜின் ஓடிய மணி நேரத்தையும் டேஷ்போர்டில் பார்க்கலாம். மீட்டர் 90,000 மைல், என்ஜின் 6,000 மணி என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 15 மைல்தான். ஓடும்போது சராசரியாக 30 மைல் வேகத்தில் போயிருந்தால், 3,000 மணி நேரம் சும்மா நின்றிருக்கிறது. அதாவது இன்னொரு 99,000 மைல். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் என்று நினைத்து வாங்கும் கார், உண்மையில் மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்டது.

அடுத்து பானெட்டைத் திறங்கள். நின்ற இடத்தில் காற்றோட்டம் இல்லாமல் வெந்த ரப்பர் ஹோஸ்கள் விறைத்துப்போயிருக்கும். அழுத்திப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். பழைய மாடல்களில் இன்டேக் மேனிஃபோல்டு முழுக்க பிளாஸ்டிக். அதில் கூலன்ட் போகும் முன்பகுதி விரிசல் விடும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்தது. ஆல்டர்னேட்டர் பக்கம் டார்ச் அடித்து, கூலன்ட் காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் அலுமினியம் இருந்தால் நிம்மதி.

கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் விலகிவிடுங்கள். பால் ஜாயின்ட், புஷ், பிரேக் டிஸ்க் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிவையுங்கள். நடைமேடை ஏறி இறங்கிய கார் இது. பல மாதம் வதைக்கக்கூடியது வயரிங். வயர்லெஸ்ஸையும் விளக்குகளையும் கழற்றியவர்கள் வயர்களைப் பாதியில் வெட்டிவிட்டிருப்பார்கள். வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரி இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கூரையில் விளக்கு இருந்த ஓட்டைகள் சரியாக அடைபட்டிருக்கின்றனவா, பின்கதவுகள் உள்ளிருந்து திறக்கின்றனவா என்பதையும் பாருங்கள். குழந்தைகள் ஏறும் காரில் கடைசியாகச் சொன்னது உயிர் காக்கும் விஷயம்.

ஒரே துறையின் கார்கள் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. மூன்று ஷிப்டும் ஓடிய ரோந்துக் காரைவிட, ஒரே அதிகாரி வீட்டுக்கு எடுத்துப்போன கார் பல மடங்கு மேல். எது எது என்பதைப் பராமரிப்புப் பதிவேடு சொல்லிவிடும். அரசுத் துறையின் ஆவணம் என்பதால், அமெரிக்க மாநிலங்களின் பொது ஆவணச் சட்டப்படி அதைக் கேட்டுப் பெற வழி உண்டு. தனியாரிடம் வாங்கும் காருக்கு இந்த வசதி கிடையாது. ஏலத்தில் கை தூக்குவதற்கு முன் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். வாங்கும் விலையையும் முதல் ஆண்டு ரிப்பேர் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.

அடுத்த வாரம்: டாக்ஸியாக ஓடிய கார்கள்