பேட்டரி போச்சா? மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க!



மேல்விஷாரம் பகுதியில் ஷூ கம்பெனி வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்ல வேன் ஓட்டும் குடும்பங்கள் பல. குழுக் கடனில் பழைய ஆம்னி வேன் வாங்கியவர்களும் உண்டு. காலையில் ‘செல்ஃப் எடுக்கலை’ என்றால் அன்றைய வாடகை போச்சு. தவணைத் தேதியோ தள்ளிப் போகாது. உடனே யாராவது “பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க” என்பார்கள். சில ஆயிரம் செலவழித்துப் புதுசு போடுவோம். சில நாளில் அதுவும் இறங்கிவிடும். ஏனென்றால் கோளாறு சார்ஜ் ஏறும் வழியில் இருந்திருக்கும்.

சார்ஜ் எப்படி ஏறுகிறது?

வண்டி ஸ்டார்ட் ஆக பேட்டரி கரண்ட் கொடுக்கிறது. என்ஜின் ஓடியதும் ஒரு பெல்ட், ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. மெக்கானிக்குகள் இதை டைனமோ என்றும் சொல்வார்கள். இதுதான் பேட்டரிக்குத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிறது. குழுவில் எடுத்த கடனைத் திருப்பிக் கட்டுவது போலத்தான். கட்டாவிட்டால் இருப்பு காலி!

முதலில் கண்ணால் பாருங்கள்

1. சாவி போட்டதும் பேட்டரி படம் உள்ள சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம்.
2. பேட்டரி டெர்மினல் லூசாக இருக்கிறதா, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள்.
3. பெல்ட் தொய்வு, வெடிப்பு இருக்கிறதா? கீச்சென்று சத்தம் வருகிறதா?

பிறகு மீட்டர் வையுங்கள்

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு வயரை பிளஸ்ஸிலும் கறுப்பு வயரை மைனஸிலும் தொடுங்கள்.

• இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்யும் முன்: 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.
• என்ஜின் ஓடும்போது: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. ஸ்டார்ட் செய்த பிறகும் 12 அளவிலேயே நின்றால் பெல்ட், வயர், ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி தண்ணீர் வற்றிக் கெட்டுவிடும்.
• ஹெட்லைட் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி: 13-க்குக் கீழே இறங்கக் கூடாது.

ஓடும்போது 14 காட்டியும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், பேட்டரி பழசாகி இருக்கலாம். அல்லது உள் விளக்கோ பாட்டுப் பெட்டியோ இரவெல்லாம் கரண்ட் இழுக்கலாம்.

(புது மாடல் வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அதற்குக் கம்பெனி புத்தகத்தைப் பாருங்கள்.)

ஜாக்கிரதை!

முந்தானை, துப்பட்டா, பர்தா, கூந்தல் எதுவும் சுற்றும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது என்ஜின் நின்ற பிறகுதான். பேட்டரி அருகே தீக்குச்சி, பீடி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி சோதிக்க யாரையும் விடாதீர்கள், ஆல்டர்னேட்டரே கெட்டுவிடும்.

அளந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எண்ணோடு போகிறவரிடம் தேவையில்லாத பேட்டரியை விற்பது கஷ்டம். குழுவுக்கு ஒரு மீட்டர் போதும். அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். எப்படி அளப்பது என்று நாங்கள் வந்து செய்து காட்டுகிறோம்.