மறைந்த எழுத்தைக் காட்டும் ஒளி

அலங்காநல்லூர் என்றதும் வாடிவாசலும் காளைகளும்தாம் நினைவுக்கு வரும். அவ்வூரின் பழைய சுவர் விளம்பரங்களைத் தேடிக் காமிராவுடன் நடப்பவருக்குப் பௌதிகமும் வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய எழுத்து, சுவர்மேல் மெல்லிய ஏடாகப் படிகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுத்தாலும் அந்த மேடு எளிதில் அழிவதில்லை. அதன் உயரம் 0.1 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். ஒளி சுவருக்குச் செங்குத்தாக விழுந்தால் நிழல் இல்லை, எழுத்தும் இல்லை! சுவரோடு 5 பாகைச் சாய்வில் உரசிச் சென்றாலோ நிழல் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர் நீளும். எழுத்தின் விளிம்பு புலப்பட்டுவிடும். பாறையில் வெட்டிய மாங்குளம் தமிழி எழுத்துகள் போன்றவற்றைப் படிக்கவும் இத்தகைய பக்க ஒளியே உதவுகிறது.

இச்சாய்வு எப்போது கிடைக்கும்? நண்பகல் வெயில் படத்துக்கு ஆகாது என்பர். நேர்கிழக்கு நோக்கிய சுவருக்கு அது பொருந்தாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், சூரியன் உச்சிக்கு வர 20 நிமிடம் இருக்கையில் ஒளி அச்சுவரைச் சுமார் 5 பாகையில் வருடுகிறது. மேற்குச் சுவரானால், உச்சி கடந்து 20 நிமிடம்.

கடிகாரத்தின் 12 மணியை நம்பவேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது; மதுரைப் பக்கமோ 78 பாகையை ஒட்டியது. எனவே இங்கே உச்சி சராசரியாக 12.18க்கு வரும். நட்ட குச்சியின் நிழல் மிகக் குறுகும் கணமே சரியான உச்சி.

விளிம்பு நீட்டாத மதிலாகப் பார்த்து, உரியவரைக் கேட்டு, அருகில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மார்கழிக்குள் முடித்துவிடுங்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள்!