பாலில் புரதத்தை எண்ணுவது எப்படி?

காய்ச்சாத பசுப்பாலில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் அது திரைந்துபோகும். வெண்கட்டியாகத் திரள்வது கேசீன் என்னும் புரதம். பிரிந்த தெளிநீரிலும் வேறு புரதங்கள் கரைந்திருக்கும். பசுப்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன்தான். பால் திரைந்துபோன நாளில் உம்மாவிடம் ஏச்சு வாங்கிய நாமெல்லாம் ஓர் இரசாயனப் பிரிப்பைத்தான் கண்டிருக்கிறோம்.

இதற்கு மேலும் பிரிப்பது எதற்காக? 2008ஆம் ஆண்டு சீனாவில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். அங்கே பாலில் தண்ணீரைக் கலந்தார்கள். புரதம் குறைந்தது தெரியாதிருக்க மெலமீன் என்னும் இரசாயனத்தையும் சேர்த்தார்கள். அப்பாலில் செய்த பால்மாவைக் குடித்து ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். பலருக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டானது. 6 குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது.

சோதனை எப்படி ஏமாந்தது? 1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான் கெல்டால் வகுத்த முறையில் புரதம் நேரே அளக்கப்படுவதில்லை. பாலிலுள்ள நைதரசனை அளந்து, அதை 6.38 ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். புரதத்தில் நைதரசன் சுமார் 16 சதவீதம். மெலமீனிலோ 66 சதவீதம். ஒரு கிராம் மெலமீன், கணக்கில் நான்கு கிராமுக்கும் அதிகமான புரதமாகிவிடும்!

திரவ நிறப்பகுப்பு இப்படி ஏமாறாது. வகுப்பில் வடிதாளில் மையின் நிறங்களைப் பிரித்துப் பார்த்தோமே, அதே தத்துவம்தான். இங்கே தாளுக்குப் பதில் ஓர் உருக்குக் குழாய். அதனுள் காபன் சங்கிலிகள் பிணைக்கப்பட்ட மிக நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகள் இறுக நிரப்பப்பட்டிருக்கும். கொழுப்பு நீக்கிய பாலில் சில துளிகளை எடுத்து, புரதத் திரள்களைக் கட்டவிழ்த்து, அழுத்தத்துடன் உள்ளே செலுத்துவார்கள். தண்ணீரை வெறுக்கும் இயல்பு கூடிய புரதம் சங்கிலிகளை இறுகப் பற்றும். குறைந்தது இலேசாகப் பற்றும். ஓடும் நீரில் அசற்றோநைத்திரைல் என்னும் கரைப்பானைச் சிறிது சிறிதாகக் கூட்ட, பிடி தளர்ந்து ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது வெளியேறும். வாயிலில் கழியூதா ஒளி அவற்றைக் கண்டு வரைபில் முகடுகளாகப் பதியும். முகட்டின் பரப்பு புரதத்தின் அளவைச் சொல்லும். மெலமீன் புரதமல்லவே, அம்முகடுகளில் அது சேராது. தண்ணீர் கலந்த பாலில் எல்லா முகடுகளும் குட்டையாகிவிடும்.

பெரும்பாலும் கேசீன்கள் முந்திவரும். பீற்றா லக்ரோகுளோபியூலின் கடைசியில் வரும். தாய்ப்பாலைச் செலுத்தினால் அந்தக் கடைசி முகட்டைக் காணமாட்டோம். மனிதத் தாயின் பாலில் அப்புரதம் சுரப்பதில்லை. பசுப்பால் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமற் போவதில் அதற்கும் பங்குண்டு.