ஊசியை வைத்துவிட்டு உளியை எடுத்தவர்

கேத்தே கோல்விட்ஸ் படங்களைக் காட்டினால், "அச்சடித்ததா? அப்போ நகல்தானே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நியாயமான சந்தேகம். டீ ஆறுவதற்குள் தீர்த்துவிடலாம். வரைந்து முடித்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து அச்சடித்தால் அது நகல். தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ ஓவியரே வேலைசெய்து, அதில் மை தடவி எடுக்கும் தாள் ஒவ்வொன்றும் அசல். தாளில் இறங்கிய பிறகுதான் அது படமாகிறது.

கோல்விட்ஸ் 1867இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்த ஜெர்மானியர். பெர்லின் கலை அகாதெமியில் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை; பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென்று தனியாக இருந்த பள்ளிகளில் படித்தார். ஓவியராக வேண்டும் என்றுதான் போனார். வண்ணம் தனக்கு வசப்படாது என்பது அங்கேதான் தெரிந்தது. 1891இல் டாக்டர் கார்ல் கோல்விட்ஸை மணந்து பெர்லினின் தொழிலாளர் பகுதிக்குக் குடிவந்தார். கணவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்களே அவர் படங்களுக்குள்ளும் வந்தார்கள். ஒரே படத்தைப் பல தாள்களில் எடுக்கலாம், குறைந்த விலைக்குக் கொடுக்கலாம் என்ற வசதியும் அவருக்குப் பிடித்திருந்தது.

நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய ஆறு படங்கள் 1898இல் அவரைப் பிரபலமாக்கின. தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரை போனது. கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். அந்த ஆறில் மூன்று எட்சிங், மூன்று லித்தோ.

எட்சிங்கில் உலோகத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சு பூசி, ஊசியால் அதைக் கீறி வரைவார்கள். பிறகு அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் கோடு எழும்பும். தலைமுடி இழைவரை காட்டலாம். லித்தோ என்ற பெயர் சிவகாசி புண்ணியத்தில் நமக்குப் பழக்கம்தான். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். மரச்செதுக்கு இரண்டுக்கும் நேரெதிர்: செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. நடுவில் சாம்பல் கிடையாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஒரே படத்தில் பார்க்கலாம். 1919 ஜனவரி 15 அன்று இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் கொல்லப்பட்டார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவர் முகத்தை வரைந்தார். முதலில் எட்சிங் செய்து பார்த்தார், திருப்தியில்லை. லித்தோவும் சரிவரவில்லை. 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்ததும் உளியைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அந்தத் தாளில் கீழே குறுக்காக வெள்ளைத் துணி போர்த்திய உடல். அதன்மேல் குனிந்து நிற்கும் தொழிலாளிகள், கறுப்புக் கும்பலாக. ஒருவருடைய பெரிய கை மட்டும் உடலின்மீது பதிந்திருக்கிறது. ஊசி காட்டியிருக்கக்கூடிய நுணுக்கமெல்லாம் போய்விட்டது. போனதால்தான் அந்தக் கை நம் கண்ணில் படுகிறது என்பேன்.

'போர்' என்ற ஏழு மரச்செதுக்குகள் அடுத்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் சொந்த இழப்பு இருந்தது. 1914இல் இளைய மகன் பீட்டர் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டான். வயது போதாது, அப்பாவின் சம்மதம் வேண்டும். தயங்கிய கார்லைச் சம்மதிக்க வைத்தவர் அம்மாதான். அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான், வயது 18. 'தொண்டர்கள்' என்ற படத்தில் மரணம் முரசறைந்துகொண்டு முன்னே போகிறது. அதை ஒட்டி முதலில் நிற்பவன் பீட்டர். எதிரி நாட்டைப் பழிக்கும் வரி ஒன்றுகூட அந்த ஏழிலும் இல்லை.

மகனுக்கு எழுப்ப நினைத்த நினைவுச்சிற்பம் முடிய 1932 ஆனது. முதலில் மகனின் உடலையும் சேர்த்துத்தான் திட்டமிட்டார். பிறகு அதை விட்டுவிட்டார். கடைசியில் தாயும் தந்தையும் மட்டும், தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ போர் மயானத்தில் இப்போது இருக்கிறது. சிற்பம் முடிந்த அடுத்த வருடமே நாஜிகள் ஆட்சிக்கு வந்து, கோல்விட்ஸை பெர்லின் கலை அகாதெமியிலிருந்து வெளியேற வைத்தார்கள். அந்த அகாதெமிக்கு 1919இல் தேர்வாகியிருந்தவர் அவர்.

இறந்த மகனை மடியில் கிடத்திய தாய் என்று 1930களின் பிற்பகுதியில் அவர் செய்த வெண்கலச் சிற்பத்தின் உயரம் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. 1993இல் அதை நான்கு மடங்கு பெரிதாக்கி, போரிலும் கொடுங்கோலாட்சியிலும் இறந்தவர்களின் நினைவாக பெர்லினின் நொயே வாக்கெ மண்டபத்தில் வைத்தார்கள். கிறிஸ்தவ மரபில் வந்த உருவம் கொல்லப்பட்ட யூதர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று அப்போதே சர்ச்சை எழுந்தது. என் குறை இன்னொன்று. எந்தப் பொருளில், எந்தக் கருவியால் என்று அத்தனை யோசித்தவர் அளவை மட்டும் யோசிக்காமலா விட்டிருப்பார்? கைக்கடக்கமாகச் செய்ததை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது அரசின் தேவை, அவருடையது அல்ல.