சோளமடலில் ஒரு பலகை

சோளம் முறித்த பிறகு பொத்தியின் மடலை நாம் என்ன செய்கிறோம்? மாட்டுக்குப் போடுகிறோம். மிஞ்சினால் அடுப்பு மூட்டுகிறோம். அந்த மடலை வெட்டி ஒட்டிச் செய்த வேலைப்பாடு 2019ஆம் ஆண்டில் இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலும், நியூயோர்க்கின் கூப்பர் ஹூவிட் நூதனசாலையிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதன் பின்னால் உள்ள கதை ஒரு கமக்காரக் கிராமத்தின் கதை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

சோளத்தின் தாயகம் மெக்சிக்கோ. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு என்று அங்கே எத்தனையோ நாட்டு இனங்கள் இருந்தன. 1994இல் ஐக்கிய அமெரிக்காவுடனும் கனடாவுடனும் செய்த வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அரச மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் மலிவாக வந்திறங்க, சிறு கமக்காரர் விலையில் ஈடுகொடுக்க முடியவில்லை. புவெப்லா மாநிலத்தில் மிக்ஸ்டெக் பழங்குடி மக்கள் வாழும் தொனவிஸ்த்லா என்ற கிராமமும் இதில் அடிபட்டது. புது விதையும் களைநாசினியும் வந்தன, நாட்டு விதை கைவிட்டுப் போனது, மேல்மண் மழையோடு கரைந்தது. உழைக்கும் வயதினர் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். அங்கே ஷெல் விழவில்லை. ஆனாலும் ஊர் வெறிச்சோடியது.

பெர்னாண்டோ லபோஸ் மெக்சிக்கோ நாட்டு வடிவமைப்பாளர். இலண்டனில் படித்தவர். 2016 முதல் இக்கிராமத்துக் குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். நாட்டுச் சோள விதைகளை மீண்டும் பெற மெக்சிக்கோவிலுள்ள சர்வதேச சோள, கோதுமை ஆய்வு நிலையம் உதவியது. அதன் விதை வங்கியில் 28,000க்கும் அதிகமான சோள மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன.

வேலைமுறை சிக்கலானதல்ல. மடலைக் கிழியாமல் உரித்தெடுக்கிறார்கள். உடுப்பு மினுக்குவது போல ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கித் தட்டையாக்குகிறார்கள். பின் கடதாசிக் கூழ்த் தாளிலோ துணியிலோ பசை பூசி ஒட்டுகிறார்கள். ஒட்டியதைக் கையாலோ லேசர் இயந்திரத்தாலோ சிறு துண்டுகளாக வெட்டி, நிறம் பார்த்துப் பொருத்தினால், மேசைக்கும் சுவருக்கும் போர்த்தக்கூடிய மெல்லிய மேற்பலகை கிடைக்கிறது. சாயம் தேவையில்லை; ஊதாவும் சிவப்பும் மடலின் சொந்த நிறம். இவ்வேலையைப் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களே செய்கிறார்கள். பலகைக்கு அவர்கள் வைத்த பெயர் தொதோமொஸ்த்லே. மெக்சிக்கோப் பழங்குடி மொழியொன்றில் சோளமடலுக்கு அதுதான் பெயர்.

எமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கடையில் வாங்கும் கலப்பின விதையின் மடல் பெரும்பாலும் வெளிறிய ஒரே நிறம். வண்ணப் பலகை வேண்டுமென்றால் நாட்டு விதையை விதைத்தே ஆக வேண்டும். தானியம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, நல்ல பொத்தி அடுத்த போக விதைக்கு, மடல் காசுக்கு. சோளத்தை விற்றுப் பிழைக்க முடியாத இடத்தில், எறிகிற மடல் அதே சோளத்தைக் காக்கிறது. மண்ணரிப்பைத் தடுக்க மலைச்சரிவுகளில் கற்றாழை இனச் செடிகளையும் நாட்டுகிறார்கள். அதன் நாரிலும் லபோஸ் தளபாடம் செய்கிறார்.

கண்காட்சி என்றதும் பணக்காரர் பார்த்து இரசிக்கும் இடம் என்றுதான் பலரும் நினைப்போம். அது முற்றாகப் பிழையுமல்ல. ஆனால் பொருள்களை எந்த ஒழுங்கில் வைக்கிறார்கள் என்பதிலும் ஒரு பேச்சு உண்டு. உணவு பற்றிய அந்த இலண்டன் கண்காட்சி பசளையில் தொடங்கி, பயிர்ச்செய்கை, வியாபாரம் என்று போய், கடைசியில்தான் சாப்பாட்டுக்கு வந்தது. தட்டில் இருப்பதைக் காட்டுமுன் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்க வைத்தார்கள்.

எமது பக்கத்துக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. தொனவிஸ்த்லா மக்களுக்குத் திரும்பி விதைக்கச் சொந்த மண் இருந்தது. எம்மில் பலருக்கு அதுதான் இல்லை. விலை உயர்ந்த கைப்பணிக்கு வாங்குபவர் சிலரே, அவர்களும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆகவே பனையோலையோ, வாழைநாரோ, சோளமடலோ, எதில் வேலை தொடங்குவதானாலும் மகளிர் சங்கங்கள் முதலில் மூன்று விடயங்களை எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது: துண்டுக்கு என்ன கூலி, விற்றபின் பங்கு எவ்வளவு, கண்காட்சியில் யார் பெயர் போடப்படும். மடல் சேர்ப்பவர்கள் ஈரத்தோடு அடுக்க வேண்டாம். ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.