மூடிய அறைக் காற்று உடல்நலத்தைப் பாதிப்பது எப்படி?

திருவனந்தபுரம்: தம்பானூர் பேருந்து நிலையம் அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தில் பலரும் வியந்து பார்ப்பது அதன் சுழல் வடிவத்தைத்தான். ஆனால், அங்கு வெப்பத்தைத் தணிப்பவை சுவரில் உள்ள துளைகள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி எழுப்பிய சுவர் வழியே காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும்.

இன்றைய அலுவலகங்களில் நிலைமை வேறு. ஸ்பிளிட் ஏ.சி. பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. பலர் கூடி அமரும்போது அவர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தேங்குகிறது. வெளிக்காற்றில் இதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. அறைக்குள் 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பிற்பகலில் வரும் தலைவலிக்கும் சோர்வுக்கும் வேலைப்பளுவை மட்டும் குறை கூற முடியாது. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் சுவாசிப்பதால் காசநோய், கொரோனா போன்ற தொற்றுகளும் எளிதில் பரவும்.

கேரளத்தில் மழைக்காலம் மற்றொரு சிக்கல். ஈரம் உறைந்த சுவரில் பூஞ்சை படர்கிறது. ஈரப்பதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சுட்டிக்காட்டுகிறது. பூஞ்சையின் மீது வண்ணம் பூசினால் மட்டும் போதாது. நீர்க்கசிவை அடைக்க வேண்டும்.

ஏ.சி. இயங்கும் அறையிலும் இடையிடையே எதிரெதிர் சன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வைக்கலாம். வாகனப் புகை மிகுந்த சாலையோரக் கட்டடங்களில் நெரிசல் குறைந்த வேளையே இதற்கு ஏற்றது.